ஜாடி மேடைக்கு அடியில்

அன்பு மகன் இன்-பேக்கு அம்மா எழுதுவது.

நீ வேலை செய்யும் பாலைவனத்தில் மணல்காற்று ஓய்ந்ததா? இங்கே மலையில் பனி உருகத் தொடங்கிவிட்டது. கூரை நாள் முழுக்கச் சொட்டுகிறது. நானும் யொன்-சில்லும் சுகமாக இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதைப் பயப்படாமல் படி.

எழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், இது உன் பெண்டாட்டி யொன்-சில் எழுதியதில்லை என்று. எப்போதும்போல நான் சொல்ல அவளே எழுதட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இதில் இருப்பது அவளுக்குத் தெரியக் கூடாது. அவளைப் பக்கத்து யொங்வொல் அக்கா வீட்டுக்கு மலைக்கீரை ஆய அனுப்பிவிட்டு நானே பேனாவைப் பிடித்திருக்கிறேன். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

யொன்-சில்லுக்கு வயிறு நன்றாகத் தெரிகிறது. பஸ்ஸில் போனால் யாராவது எழுந்து இடம் கொடுக்கிறார்கள். அவித்த உருளைக்கிழங்கையும் நம் ஜாடி மிளகாய் விழுதையும் தவிர வேறெதுவும் அவளுக்கு இறங்குவதில்லை. உன் படத்தை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்திருக்கிறாள். அரிசி எடுக்கும்போதெல்லாம் உன்னை இறக்கி வைத்துத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கிறது.

மேல் வரிசையில் இன்னும் மூன்று வீடு பூட்டியாயிற்று. கரிச் சுரங்கத்தை மூடின பிறகு இங்கே யார் இருப்பார்கள், என்னைப் போன்றவர்களைத் தவிர.

விஷயம் நம் கொல்லையில் மிளகாய் விழுதும் சோயாவும் ஊறும் ஜாடிகளின் மேடை. நீ பள்ளிக்கூடம் போகும்போது உன் அப்பா ஆற்றிலிருந்து பலகைக் கல்லாகப் பார்த்துப் பார்த்து முதுகில் சுமந்து வந்து பரப்பினாரே, அதே மேடை. அவர் இருந்தவரை அதில் ஒரு கல் ஆடியதில்லை. அவர் சுரங்கத்தில் இறந்த வருஷத்திலிருந்துதான் ஒவ்வொரு பனிக்காலம் முடிந்ததும் இறங்குகிறது. ஜாடிகள் குடித்தவன் மாதிரி சாய்கின்றன. நான் ஒவ்வொன்றையும் விளிம்பில் உருட்டி நகர்த்தி, கடப்பாரையால் கல்லை நெம்பி, அடியில் சாம்பலைக் கொட்டி, திரும்பக் கல்லைப் போட்டு, திரும்ப ஜாடியை வைப்பேன். சாம்பல் என்றால் இந்த ஊரில் எல்லாரும் போடுவதுதான், எரிந்து வெளுத்துப்போன கரிக்கட்டி. வழுக்கும் பாதையில் போடுகிறோம், சுவர் ஓட்டையில் போடுகிறோம், குழியில் போடுகிறோம். நம் வீட்டுக் கட்டி போதாமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வைத்ததையும் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறேன். எத்தனை போட்டாலும் அடுத்த வருஷம் அதே பள்ளம்.

இந்த வருஷம் அப்படி இல்லை. பள்ளம் மேடையோடு நிற்கவில்லை. நீங்கள் இருவரும் இருந்த பின்னறைச் சுவரில் மேடைப் பக்கமாக ஒரு கீறல் வந்திருக்கிறது. முதலில் தலைமயிர் அளவு. இப்போது நகம் நுழைகிறது. யொன்-சில் படுப்பது அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான். அவள் பார்க்கும் முன்னால் மேலே காகிதம் ஒட்டிவிட்டேன். ஒட்டின காகிதம் மறு வாரமே நடுவில் கிழிந்தது. இன்னொன்று ஒட்டினேன். போன வருஷம் கீழ்த் தெருவில் ஒரு வீட்டுக் கழிப்பறை அப்படியே கீழே போனதே, நினைவிருக்கிறதா? நல்லவேளை உள்ளே யாரும் இல்லை. இந்த மலைக்குள் எங்கெங்கே குடைந்து வைத்திருக்கிறார்கள் என்று குடைந்தவர்களுக்கே தெரியாது என்று உன் அப்பா சொல்வார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, இன்-பே. மேடையைச் சீக்கிரம் சரி செய்துவிட்டால் கீறலும் நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் எப்படிச் செய்வது? வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும்போது மண்ணைக் கொத்தக் கூடாது. ஆணி அடிக்கவே யோசிக்க வேண்டும். இரும்பு மண்ணில் இறங்கினால் மண்ணுக்குரியவருக்குக் கோபம் வரும், அது போய் வயிற்றில் இருப்பதன் மேல் விழும். நீ சிரிப்பாய். நீ வயிற்றில் இருந்தபோது என் மாமியார் துடைப்பத்தால் மண்ணை ஓங்கித் தட்டக்கூட விட்டதில்லை, நீயும் முழுசாகத்தான் பிறந்தாய். அதனால் கடப்பாரையைத் தொடவே முடியாது. கையால் தூக்கவோ என் இடுப்பு விடாது.

ஒரு நாள் காலையில் அடுப்பில் கரிக்கட்டி மாற்றிக்கொண்டிருந்தேன். இடுக்கியால் கீழ்க் கட்டியைப் பிடித்து மேலே தூக்கும்போது அப்படியே நின்றுவிட்டேன். இடுக்கி தரையைத் தொடுவதில்லை. பக்கத்தில் பிடிக்கிறது, மேலே வருகிறது. இதையே கல்லுக்குத் தக்கபடி பெரிதாகச் செய்தால் என்ன?

தாக் மேஸ்திரியிடம் போனேன். சுரங்கத்தில் உன் அப்பா இருந்த குழுவுக்கு மேஸ்திரியாக இருந்தவரை நீ மறந்திருக்க மாட்டாய். மார்பில் கரித்தூள் சேர்ந்து இப்போது பாதி பேச்சு இருமலாகத்தான் வருகிறது. ஆனால் பட்டறைச் சாமான் எல்லாம் வைத்திருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டு இரண்டு தடிக் கம்பியைக் காய்ச்சி, நுனியை உள்பக்கமாகக் கொக்கி போல வளைத்து, நடுவில் கத்திரிக்கோல் மாதிரி ஒரு போல்ட் போட்டுக் கொடுத்தார். மேல் நுனி இரண்டையும் சங்கிலியில் கோத்தோம். கல் எவ்வளவு கனமோ அவ்வளவு இறுக்கிப் பிடிக்கும். உடைந்து கிடந்த நம் கைவண்டியின் சக்கரத்தையும் அச்சையும் எடுத்து, அச்சின் மேல் நீளமான ஒரு கழியைக் கட்டி, கழியின் குட்டைப் பக்கத்தில் இடுக்கியைத் தொங்கவிட்டேன். நீளப் பக்கத்தை அமுக்கினால் கல் எழும்பும். மாவு இடிக்கும் மிதி உரல் மாதிரிதான். எழும்பின கல்லை அப்படியே சக்கரத்தில் உருட்டி நகர்த்திவிடலாம்.

முதல் தடவை கொக்கி வழுக்கிக் கல் என் கால்விரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. வழுக்காமல் இருக்க ரப்பர் சுற்ற வேண்டும். வீட்டில் இருந்த ரப்பர் உன் அப்பாவின் பூட்ஸ்தான். வாசலில் அவர் கழற்றி வைத்த மாதிரியே இத்தனை வருஷமும் வைத்திருந்தேன். அதை வெட்டினேன். கத்தி இறங்கவே மாட்டேன் என்றது. நீ கோபப்படாதே. அவர் இருந்திருந்தால் அவரே வெட்டிக் கொடுத்திருப்பார்.

யொங்வொல் அக்கா வேலிக்கு மேல் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "என்ன இன்-பே அம்மா, மாட்டுக்குப் பல்லு புடுங்கப் போறியா?" என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, புள்ளத்தாச்சி இருக்கும்போது மண்ணோட விளையாடாதே என்றும் சொன்னாள். நான் மண்ணைத் தொடவில்லை, கல்லைத்தான் தொடுகிறேன் என்றேன். ஆனாலும் நான்கு மூலையிலும் அரிசி மதுவை ஊற்றி, உப்புத் தூவி, மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

ஓரத்துக் கற்கள் குழந்தை மாதிரி எழுந்து வந்தன. இடுப்பு வலிக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கம்பியை என் கையில் கொடுக்கும்போது தாக் மேஸ்திரி, "நடுவுல இருக்கற கல்ல மட்டும் விட்டுடுங்க அண்ணி" என்றார். ஏன் என்று கேட்டேன். இருமினார். வந்து ஒரு தடவை மேடையைப் பாருங்கள் என்றேன். மேடு ஏற மூச்சு வராது என்றார். ஆனால் போன வாரம் நம் வீட்டையும் தாண்டி மேலே யாரையோ பார்க்கப் போனாரே. உன் அப்பா போனதிலிருந்து அவர் நம் கொல்லைப் பக்கம் வந்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

யொன்-சில் வரும் சத்தம் கேட்கிறது. வெயிலில் தலையை மூடிக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் குழந்தை உன் கையும் காலும் முழுசாக இருப்பதைப் பார்க்கப் பிறக்கப்போகிறது, அதை நினைவில் வை.

உன் அம்மா
மூன்றாம் மாதம், சாண்டி மலை ஊர்

*

இன்-பேக்கு,

யொன்-சில் நன்றாக இருக்கிறாள். குழந்தை உதைக்கிறது. மறுபடியும் சொல்கிறேன், அவள் நன்றாக இருக்கிறாள். இனிப் படி.

நடுக்கல்லை எடுத்துவிட்டேன்.

எடுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். சுற்றிலும் எல்லாக் கல்லுக்கும் அடியில் சாம்பல் இட்டு மட்டமாக்கிவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் எல்லாம் நடுவைப் பார்த்துச் சரிந்திருந்தன. திரும்பப் போட்டேன். திரும்பச் சரிந்தது. நடுக்கல்லின் மேல் இருந்த பெரிய மிளகாய் ஜாடி பின்னறைச் சுவரைப் பார்த்துச் சாய்ந்துகொண்டே வந்தது. யொங்வொல் அக்கா யொன்-சில்லை மருத்துவச்சியிடம் காட்டக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். நான் ஜாடியை உருட்டி அகற்றிவிட்டு இடுக்கியைப் போட்டேன். கழியை அமுக்கினேன். இவ்வளவு பெரிய கல் இவ்வளவு லேசாக வருமா என்று நினைத்தேன். வந்தது.

அடியில் மண் இல்லை.

துணி துவைக்கும் தொட்டி அளவுக்கு வாய் இருந்தது. உள்ளே கறுப்பு. நான் இத்தனை வருஷம் போட்ட சாம்பலில் ஒரு கைப்பிடிகூட இல்லை. விளிம்பில் மட்டும் வெள்ளையாக ஒட்டியிருந்தது, சாப்பிட்ட வாய் மாதிரி. குனிந்தேன். கீழேயிருந்து காற்று வந்தது. பனிக்காலத்துக் காற்று இல்லை. ஒரே சீரான, ஈரமான, மெதுவான காற்று. மூச்சு விடுவது மாதிரி. அதில் ஒரு வாசனை. நனைந்த கரியும் பைன் கட்டையும் சேர்ந்த வாசனை. வேலை முடிந்து வந்து உன் அப்பா குளிப்பதற்கு முன்னால் கழுத்தில் வருமே, அது.

எத்தனை நேரம் குனிந்திருந்தேன் என்று தெரியவில்லை. ஒரு சாம்பல் கட்டியை எடுத்துப் போட்டேன். விழுந்த சத்தம் வரவேயில்லை. அப்போதுதான் என் காலைக் குனிந்து பார்த்தேன். நான் நிற்கும் கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அதுவரை நான் நினைக்கவேயில்லை. கல்லைத் திரும்ப வைத்து மூடிவிட்டு, சமையல்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

நேராகத் தாக் மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். செருப்பு மாறிப் போட்டிருந்தேன், அவர்தான் சொன்னார். நடுக்கல்லை எடுத்தேன் என்றதும் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். மூலையிலிருந்து ஒரு இரும்புத் தடியை எடுத்துக்கொண்டு என் கூடவே புறப்பட்டார். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் முதலில் கூரையைத் தடியால் தட்டிக் கேட்பார்கள். கெட்டியாக இருந்தால் மணி மாதிரி கணீர் என்று வரும். விட்டுப்போயிருந்தால் காலி பீப்பாய் மாதிரி தொம் என்று வரும். அவர் அதையே நம் தரையில் செய்ய வந்தார். ஆனால் வாசலில் நின்று, வீட்டில் புள்ளத்தாச்சி இருக்கு, இரும்பால் தரையைத் தட்டலாமா அண்ணி என்று என்னைக் கேட்டார். மிச்சமிருந்த மதுவையெல்லாம் தரையில் ஊற்றிவிட்டு, இந்த ஒரு தடவை மட்டும், கோபம் இருந்தால் என் மேல் போகட்டும் என்று சொல்லிவிட்டுத் தலையாட்டினேன்.

வாசலில் தட்டினார். கணீர். சமையல்கட்டில் கணீர். நடையில் ஏதோ மாதிரி. பின்னறையில் தொம். யொன்-சில்லின் படுக்கை மடித்து வைத்திருந்த இடத்தில் தொம். சுவருக்குச் சுவர் தொம். மேடை வரைக்கும் போகவேயில்லை. அங்கேயே தடியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

கம்பெனி, சுரங்கம் இடிந்து உன் அப்பா புதைந்த இடம் குன்றுக்கு அந்தப் பக்கம் என்று சொன்னது. சுரங்க வாயைச் சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டோம், இனி எடுக்க முடியாது என்றது. நாம் அவருடைய சட்டையையும் தொப்பியையும் கொண்டுபோய்க் குன்றுக்கு அந்தப் பக்கம் புதைத்து மண்மேடு கட்டினோம். ஒவ்வொரு அறுவடைத் திருநாளுக்கும் அங்கேதான் போய்ப் புல் வெட்டி விழுந்து வணங்குகிறோம்.

தாக் மேஸ்திரி என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அண்ணன் தூரத்துல இல்ல அண்ணி. உங்க மிளகா ஜாடிக்குக் கீழதான் இருக்காரு."

மேலே வீடுகள் இருக்கின்றன என்று எழுதினால் எல்லா வீட்டையும் காலி செய்து வேறு இடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று கம்பெனி இடத்தை மாற்றி எழுதியதாம். இவரையும் கூட இருந்தவர்களையும் வாயைத் திறக்கக் கூடாது என்றார்களாம். அந்த மேடையைப் பார்க்க முடியாமல்தான் இத்தனை வருஷம் இந்தப் பக்கம் வரவில்லை என்றார். அழுதார் போலிருக்கிறது, இருமலில் எனக்குத் தெரியவில்லை.

அவர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீடு முழுக்கப் பயம் நின்றது, கோபம் நிற்க இடம் இல்லை. நான் யோசித்தது ஒன்றுதான். இத்தனை வருஷமாக நான் கொட்டிய சாம்பல் எல்லாம் எங்கே போனது என்று. ஊர் முழுக்கக் கேட்டு வாங்கி உன் அப்பா மேலேயே கொட்டியிருக்கிறேன், இன்-பே.

இன்றைக்கே வெளியே வாருங்கள் என்று தாக் மேஸ்திரி சொன்னார். நான் மாட்டேன் என்றேன். இடம் மாறுவதென்றால் தீட்டுக் காற்று எந்தத் திசையிலும் இல்லாத நாளாகப் பார்க்க வேண்டும். வரும் ஒன்பதாம் தேதிதான் அது. வயிற்றுப் பிள்ளையை வைத்துக்கொண்டு, ஜாடிகளையும் எடுத்துக்கொண்டு, கெட்ட நாளில் வாசலைத் தாண்டினால் என்ன ஆகும்? அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நாள் பாக்கற நேரமா அண்ணி இது? கீழ போறதுக்கு அது நல்ல நாள் பாக்குமா?"

ஒன்பதாம் தேதிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். தரையைச் சூடாக்க அடியில் விடும் கரிப்புகை பின்னறையில் கசிகிறது என்று சொல்லி யொன்-சில்லைச் சமையல்கட்டுப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டேன். ஆளைக் கொல்லும் அந்தப் புகை என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை. மேடையின் நடுவைச் சுற்றிக் கயிறு கட்டி, கல் இன்னும் செட்டாகவில்லை, அதற்குள் மிதிக்காதே என்று சொல்லியிருக்கிறேன். அவள் நடக்கும்போதெல்லாம் அவள் காலடியைத்தான் கேட்கிறேன். தட்டு விழுந்தால் எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. அத்தை, உங்களுக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறாள். இடுப்பு வலி என்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அவர் இருக்கும் இடம் இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த கையோடு எப்படி விட்டுவிட்டுப் போவது? நாள் பார்க்கிறேன் என்று சொல்கிறேனே தவிர, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கத்தான் பார்க்கிறேனோ என்னவோ.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் எது நடக்க வேண்டுமோ நடந்திருக்கும். பதில் எழுதிப் பயனில்லை. ஆனாலும் எழுது. உன் அப்பாவின் மகன் நீ, நீ சொன்னால் கேட்பேன்.

உன் அம்மா

*

இன்-பேக்கு,

உறையில் விலாசம் மாறியிருக்கும். யொங்வொல் அக்கா வீட்டிலிருந்து எழுதுகிறேன். இது பாறை மேல் கட்டின வீடு, தாக் மேஸ்திரி தட்டிப் பார்த்துவிட்டார். யொன்-சில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு இனி எல்லாம் தெரியும், ஒளிக்க ஒன்றும் இல்லை. நான் எழுதுவதை எட்டிப் பார்த்து, அங்கே ஒரு எழுத்து தப்பு அத்தை என்கிறாள்.

ஒன்பதாம் தேதி வரவில்லை. அதற்கு முன்னாலேயே அது நடந்துவிட்டது.

காலையில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. நான் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். எனக்கு இடுப்பு வலி என்று பாவம் பார்த்து, மிளகாய் விழுதை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று அவளே கிண்ணத்தோடு கொல்லைக்குப் போயிருக்கிறாள். கயிற்றைத் தாண்டாமல் ஓரமாகத்தான் போனாளாம். ஓரத்து ஜாடியைத் திறக்கும்போது காலடிக் கல் இறங்கியது. அலறவில்லை. "அத்தை" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள், அந்தக் குரலில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

நான் போனபோது கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கற்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து நின்றன. கிண்ணத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஓரடி வைத்தேன், அவளுடைய கல் இன்னும் இறங்கியது.

"நீங்க வராதீங்க அத்தை."

இடுக்கி மாட்டின கழி சக்கரத்தோடு சுவரோரம் இருந்தது. சக்கரத்தை நல்ல தரையில் நிறுத்தி, கழியை மேடைக்கு மேலே அவளிடம் நீட்டினேன். சங்கிலியோடு இடுக்கி அவள் மடியில் போய் விழுந்தது. எழுந்திருக்காதே, உட்கார்ந்தபடியே சங்கிலியைப் பிடித்து நகர்ந்து வா என்றேன். என் குரல்தானா அது என்று இருந்தது. அவள் சின்னப் பிள்ளை மாதிரி நகர்ந்தாள். ஒரு கையால் சங்கிலி, ஒரு கையால் வயிறு. நான் கழியை இழுத்தேன். அவள் பின்னால் ஒவ்வொரு கல்லாகப் போய்க்கொண்டிருந்தது. விழுந்த சத்தம் எதற்கும் வரவில்லை. அதுதான், இன்-பே, அதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது.

எந்தத் திசையில் என்ன காற்று என்று பார்க்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினேன். அடுப்பைக்கூட மூடவில்லை. உன் படத்தை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள், எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது.

மத்தியானம் இங்கே சோறு போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டது. பெரிய சத்தம் இல்லை. யாரோ ரொம்ப நேரம் அடக்கி வைத்த மூச்சை விட்டது போல ஒன்று. போய்ப் பார்த்தபோது மேடை இல்லை. பின்னறை பாதி இல்லை. ஜாடி ஒன்றுகூட இல்லை. சோயா வாசனை மட்டும் கொல்லை முழுக்க நின்றது. சமையல்கட்டு அப்படியே இருக்கிறது, கிழங்கு தீய்ந்துபோயிருந்தது.

நான் இரும்பால் தட்ட விட்டேன், நாள் பார்க்காமல் வாசலைத் தாண்டினேன், மண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது என்று யொங்வொல் அக்காவிடம் புலம்பினேன். எனக்கு முதலில் சொன்னவளே அவள்தானே, திட்டுவாள் என்று நினைத்தேன். சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கோவம் வந்ததுன்னா ரெண்டு பேரும் வெளிய வர்ற வரைக்கும் பொறுத்துக்கிட்டு இருக்குமா? கீழ இருக்கறவன் தாங்கிப் புடிச்சிருக்கான்டி."

எனக்கு அப்படி நம்ப ஆசைதான். ஆனால் நம்பினால் உடனே இன்னொன்று வருகிறது. அவர் கை எவ்வளவு வலித்திருக்கும் என்று. அதனால் நம்பாமலும் இருக்க முடியாமல், நம்பவும் முடியாமல் இருக்கிறேன்.

நேற்று நானும் தாக் மேஸ்திரியும் போய், பள்ளத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்று மது ஊற்றி, விழுந்து வணங்கிவிட்டு வந்தோம். ஊராட்சியிலிருந்து வந்து சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். எங்களைப் பட்டணத்துப் பக்கம் ஒரு அறை பார்த்துப் போகச் சொல்கிறார்கள். குழந்தை பிறந்ததும் போவோம். உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. அதை நான் உன்னிடம் கேட்கவில்லை, சொல்கிறேன், அவ்வளவுதான்.

இதை முடித்து ஒட்டலாம் என்று இருந்தபோது உன் கடிதம் வந்தது. யொன்-சில் உரக்கப் படித்தாள். குழாய் இறக்கும் பள்ளத்துக்குள் வேலை செய்யும் குழுவில் உன்னைச் சேர்த்துவிட்டார்கள், சம்பளம் கூடுதலாக வரும், வீடு வாங்கலாம், பள்ளம் ஆள் உயரத்துக்கு நாலு மடங்கு, சுவர் மணல்தான் ஆனாலும் பலகை கொடுத்திருக்கிறார்கள், பயமில்லை என்று எழுதியிருக்கிறாய். படித்துக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். கடிதம் இன்னும் அவள் மடியில் திறந்தபடியே இருக்கிறது.

உன் அப்பாவும் பலகை கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் சொல்வார்.

எங்களுக்கு வீடு வேண்டாம். ஜாடி வேறு வாங்கிக்கொள்ளலாம். மேற்பார்ப்பவரிடம் போய், என் அம்மா புத்தி கெட்டவள், அழுகிறாள் என்று சொல். வெட்கப்படாமல் சொல். வேறு வேலை கொடுத்தால் செய், கொடுக்காவிட்டால் வந்துவிடு.

நீ அடுத்து எழுதும் கடிதத்தில் சுகமா என்று கேட்டுத் தொடங்க வேண்டாம். வெயில் எப்படி என்று எழுத வேண்டாம். நீ மேலே நின்று எழுதுகிறாயா, கீழே இறங்கியிருக்கிறாயா, முதல் வரியில் அதை மட்டும் எழுது. அது தெரிந்த பிறகு மீதியை நாங்கள் மெதுவாகப் படித்துக்கொள்கிறோம்.

உன் அம்மா